இறக்கையில இன்னும் எவ்வளவு மிச்சம்? சின்ன விமானத்துக்கு ஏ.ஓ.ஏ. இண்டிகேட்டர்

நேரா ஒரு வைவா கேள்விக்கே போயிடலாம். “செஸ்னா 172 விமானம் எந்த வேகத்தில் ஸ்டால் ஆகும்?”

மேனுவலைப் புரட்டியவர்கள் “48 நாட், சார்” என்று சொல்வார்கள். மார்க்கும் விழும். ஆனால் அதே விமானம் 65 நாட் வேகத்திலும் ஸ்டால் ஆகலாம், 45 நாட் வேகத்தில் சமத்தாகப் பறக்கவும் செய்யலாம். அப்போ அந்த 48 எதுக்கு? அது புரிந்துவிட்டால் இந்தக் கட்டுரையில் பாதி முடிந்த மாதிரி. மீதிப் பாதி, ஏ.ஓ.ஏ. இண்டிகேட்டர் என்கிற சின்னக் கருவியை எப்படித் தேர்வு செய்வது, எங்கே மாட்டுவது, மாட்டின பிறகு அதை எப்போது நம்பலாம் என்பது. ஏரோ டிபார்ட்மென்ட் இல்லாதவர்களும் படிக்கலாம், இன்டக்ரேஷன் எதுவும் வராது. ஒரே ஒரு வர்க்கமூலம் வரும், அதை மன்னிச்சுடுங்க.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். விமானத்தில் ஸ்டால் என்றால் என்ஜின் நின்று போவது இல்லை. என்ஜின் நல்லா ஓடிக்கிட்டு இருக்கும்போதே இறக்கை தன் வேலையை விட்டுவிடுவதுதான் ஸ்டால். இறக்கையின் மேல்பக்கத்தை ஒட்டியே போய்க்கொண்டிருந்த காற்று பிய்ந்துகொண்டு கலைந்து போகும், தூக்குவிசை சட்டென்று குறையும். இது நடப்பதற்குக் காரணம் வேகம் இல்லை, கோணம்.

ஓடுகிற பஸ்ஸின் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் பார்த்திருப்பீங்க (கண்டக்டர் பார்க்காதப்போ). உள்ளங்கையைத் தட்டையாக வைத்தால் ஒன்றும் ஆகாது. கொஞ்சம் சாய்த்தால் கை மேலே தூக்கும். இன்னும் சாய்த்தால் இன்னும் தூக்கும். ஒரு அளவுக்கு மேல் சாய்த்தால் தூக்குவது போய், கையைப் பின்னால் தள்ள ஆரம்பிக்கும். எதிர்க்காற்றுக்கும் உங்கள் உள்ளங்கைக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சாய்வுதான் ஆங்கிள் ஆஃப் அட்டாக், தமிழில் தாக்குகோணம், சுருக்கமாக ஏ.ஓ.ஏ. சின்ன விமானங்களின் இறக்கைக்கு இந்தக் கோணம் ஏறத்தாழ 15 முதல் 18 டிகிரியைத் தாண்டினால் ஸ்டால்.

கவனிங்க, இது விமானத்தின் மூக்குக்கும் தொடுவானத்துக்கும் இடையில் உள்ள கோணம் இல்லை. இறக்கைக்கும் எதிரே வருகிற காற்றுக்கும் இடையில் உள்ள கோணம். மூக்கு தரையைப் பார்த்துக்கொண்டு இருக்கும்போதும் ஸ்டால் ஆகலாம். டேஷ்போர்டில் இருக்கும் எந்தச் சாதாரண முள்ளும் இந்தக் கோணத்தைக் காட்டாது. அதனால் பைலட்டுகள் வேகத்தைப் பார்த்து கோணத்தை ஊகிக்கிறார்கள். 48 நாட் என்பது அந்த ஊகம். முழு எடை 1,157 கிலோ, ஃப்ளாப் இறக்கவில்லை, சாய்வு இல்லாமல் நேராகப் பறக்கிறது என்ற நிபந்தனைகளோடு சேர்ந்த எண் அது. நிபந்தனை மாறினால் எண்ணும் மாறும்.

எப்படி மாறும்? உயரம் குறையாமல் 45 டிகிரி சாய்ந்து திரும்பினால் இறக்கை 1.41 மடங்கு எடையைச் சுமக்க வேண்டும். ஸ்டால் வேகம் அதன் வர்க்கமூலம் அளவுக்கு ஏறும், அதாவது 48 இப்போது 57. சாய்வு 60 டிகிரி என்றால் சுமை இரண்டு மடங்கு, ஸ்டால் வேகம் 68. இன்னொரு பக்கம், ஒரே ஒரு ஆள், பாதி டேங்க் என்று எடை 900 கிலோவுக்கு இறங்கினால் ஸ்டால் வேகமும் 42-க்கு வந்துவிடும். வேகம் இப்படி மேலும் கீழும் ஆடும். ஆனால் ஃப்ளாப்பைத் தொடாத வரை ஸ்டால் ஆகும் கோணம் மட்டும் அப்படியே இருக்கும். அதனால்தான் கோணத்தையே நேராகக் காட்டு என்று கேட்கிறோம்.

இது பேப்பர் கணக்கு மட்டும் இல்லை. இறங்கப் போகும் விமானம் ரன்வேக்கு நேராக வர ஒரு கடைசித் திருப்பம் எடுக்கும். வேகம் சுமார் 65 நாட், உயரம் சில நூறு அடி. பின்காற்று கொஞ்சம் தள்ளிவிட்டது, ரன்வேயின் நேர்கோட்டைத் தாண்டிவிட்டோம் என்று பைலட்டுக்குத் தெரிகிறது. இன்னும் கொஞ்சம் சாய்க்கிறார், கட்டுப்பாட்டுக் கோலை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் இழுக்கிறார். வேகமுள் 65-லேயே இருக்கிறது, 48-க்கு ரொம்ப தூரம் இருக்கிற மாதிரி தெரிகிறது. இறக்கையைப் பொறுத்தவரை தூரமே இல்லை. அமெரிக்காவின் விபத்து விசாரணை வாரியமான என்.டி.எஸ்.பி. கணக்குப்படி, 2001 முதல் 2011 வரை அங்கே உயிர்ப்பலி வாங்கிய சிறு விமான விபத்துகளில் 40 சதவீதத்துக்கும் மேல் பைலட் விமானத்தின் கட்டுப்பாட்டை இழந்ததால் நடந்தவை. அதில் இந்த மாதிரித் திருப்பங்களுக்கு ஒரு நல்ல பங்கு உண்டு.

நம் நாட்டில் இதற்கு ஒரு கசப்பான உதாரணம் இருக்கிறது. அது சின்ன விமானம் இல்லை, ஆனால் இறக்கைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. 2000 ஜூலை 17, அலையன்ஸ் ஏர் 7412, போயிங் 737-200. கொல்கத்தாவிலிருந்து பாட்னாவில் இறங்க வந்தது. வர வேண்டிய உயரத்தைவிட மேலே இருந்ததால் ஒரு வட்டம் அடித்து வர அனுமதி கேட்டார்கள். என்ஜின் ஐடிலில், வேகம் குறைந்துகொண்டே வர, மூக்கு மேலே, அதோடு இரண்டு பக்கமும் வேகமான சாய்வுகள். பைலட்டின் கையில் உள்ள கோலையே அதிரவைத்து எச்சரிக்கும் ஸ்டிக் ஷேக்கர் அடித்தது. அந்த நேரத்தில் ஸ்டாலிலிருந்து மீள்வதற்கான முறையைச் செய்யாமல், திரும்ப மேலே ஏறும் முறையைச் செய்தார்கள் என்று விசாரணை சொன்னது. விமானம் உண்மையிலேயே ஸ்டால் ஆகி, விமான நிலையத்துக்குப் பக்கத்துக் குடியிருப்பின் மேல் விழுந்தது. விமானத்தில் 55 பேர், தரையில் 5 பேர் இறந்தார்கள்.

அங்கே எச்சரிக்கை இல்லாமல் இல்லை, அடித்தது. ஆனால் எச்சரிக்கை என்பது ஓரத்துக்கு வந்த பிறகு கேட்கும் சத்தம். செஸ்னா 172-ல் இருப்பது இன்னும் எளிமையானது. இறக்கையின் முன் விளிம்பில் ஒரு துளை, அதன் பின்னால் ஹார்மோனியத்தில் இருப்பது போல ஒரு சின்ன ரீட். கோணம் கூடும்போது அந்த இடத்தில் உறிஞ்சல் உண்டாகி ரீட் ‘பீ...’ என்று ஊதும். கரண்டே வேண்டாம், அழகான டிசைன். பறப்பதற்கு முன் அது வேலை செய்கிறதா என்று பார்க்க, துளையின் மேல் கைக்குட்டையை வைத்து வாயால் உறிஞ்சிப் பார்ப்பார்கள்! ஆனால் அது ஊதாத வரைக்கும் எதுவும் சொல்லாது. காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்கவே வேண்டாம். பாவு நூல் அறுந்த பிறகு தெரிந்துகொள்வது ஒன்று, விறைப்பு கூடுகிறது என்று நெசவாளியின் கை முன்னாடியே உணர்வது இன்னொன்று. ஏ.ஓ.ஏ. இண்டிகேட்டர் இரண்டாவது வகை. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பட்டைகளாக, இறக்கையில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று எப்போதும் காட்டிக்கொண்டே இருக்கும்.

எதை வாங்குவது?

போர் விமானங்களில் இது ரொம்ப காலமாக உண்டு. கப்பல் தளத்தில் இறங்கும் கடற்படை பைலட்டுகள் வேகத்தைவிட இந்தக் கோணத்தைப் பார்த்துத்தான் இறங்குகிறார்கள். சின்ன விமானங்களுக்கு வராததற்குக் காரணம் தொழில்நுட்பம் இல்லை, சான்றிதழ் செலவு. 2014 பிப்ரவரியில் அமெரிக்காவின் எஃப்.ஏ.ஏ. அந்த நடைமுறையை எளிதாக்கியது. கட்டாயம் இல்லாத கூடுதல் கருவியாக, ஒரு பொதுத் தரத்துக்கு உட்பட்டுச் செய்தால் போதும் என்றது. அதற்குப் பிறகு கடையில் நிறைய வகைகள். விலை ஆயிரத்துச் சொச்சம் டாலரிலிருந்து ஆரம்பிக்கும், மாட்டும் கூலி தனி.

வேன் வகை பார்க்க எளிமையானது. காற்றாடி வால் மாதிரி ஒரு சின்னத் தகடு காற்றின் திசைக்குத் திரும்பிக்கொள்ளும், அது எவ்வளவு திரும்பியது என்பதை ஒரு சென்சார் அளக்கும். நம் பக்கத்து அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளியில் இருக்கும் பி-8ஐ விமானம் போயிங் 737-800 உடம்பில் செய்தது. 737 குடும்பத்தில் மூக்குக்கு இரண்டு பக்கமும் இந்த வேனைப் பார்க்கலாம். கோணத்தை நேராகத் தொட்டு அளப்பது இதன் பலம். ஆனால் ஃப்ளையிங் ஸ்கூல் ஹேங்கரில் தினமும் பத்துப் பேர் தள்ளி, இழுத்து, துடைக்கும் விமானத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும் மெல்லிய தகடு எத்தனை நாள் வளையாமல் இருக்கும்?

அழுத்தம் அளக்கும் வகைதான் சின்ன விமானங்களில் அதிகம். ஆல்ஃபா சிஸ்டம்ஸ், கார்மின் ஜி.ஐ. 260, டைனான் எல்லாம் இந்தக் குடும்பம். ஒரு குழாயில் இரண்டு துளைகள், ஒன்று முன்னால் பார்த்து, இன்னொன்று சாய்வாகக் கீழே பார்த்து. கோணம் கூடும்போது கீழ்த்துளையின் அழுத்தம் ஏறும், முன்துளையின் அழுத்தம் இறங்கும். இங்கே ஒரு சிக்கல். அழுத்தம் கோணத்தால் மட்டும் மாறாது, வேகத்தாலும் மாறும். கடல்மட்டத்தில் 48 நாட் வேகத்தில் காற்றின் இயக்க அழுத்தம் சுமார் 370 பாஸ்கல், 110 நாட்டில் சுமார் 1,960. ஐந்து மடங்கு! அதனால் நல்ல கருவி இரண்டு துளைகளின் வித்தியாசத்தை இயக்க அழுத்தத்தால் வகுத்து, வேகத்தின் பங்கைக் கழற்றிவிட்டுக் கோணத்தை மட்டும் எடுக்கும். வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: இந்தக் கருவி வகுக்கிறதா, இல்லை வெறும் வித்தியாசத்தையே முள்ளில் காட்டுகிறதா? வெறும் வித்தியாசத்தைக் காட்டுவதும் மெதுவான வேகத்தில் உதவும்தான். ஆனால் அது காட்டுவது சுத்தமான கோணம் இல்லை.

மூன்றாவதாக சேஃப் ஃப்ளைட் கம்பெனி செய்வது போல, இறக்கையின் முன் விளிம்பில் காற்று இரண்டாகப் பிரியும் புள்ளி நகர்வதை ஒரு சின்னத் தகட்டால் உணரும் வகை. ஆஸ்பென் மாதிரி சிலர் எதையும் வெளியே மாட்டாமல், ஏற்கெனவே இருக்கும் வேகம், சாய்வு, ஜி.பி.எஸ். தகவல்களிலிருந்து கணக்குப் போட்டே காட்டுகிறார்கள். துளை போட வேண்டாம் என்பது பெரிய வசதி. ஆனால் அது காற்றைத் தொடாமலேயே காற்றைப் பற்றிப் பேசுகிறது. என்னைக் கேட்டால் பயிற்சி விமானத்துக்கு, வகுத்துக் காட்டும் அழுத்தக் குழாய் வகைதான் என் ஓட்டு. மேகத்துக்குள்ளும் குளிரிலும் பறப்பதாக இருந்தால் சூடேற்றும் வசதி உள்ள குழாய்.

மாட்டுவது

பெரும்பாலும் இறக்கையின் அடியில், ஏற்கெனவே திருகுகளோடு இருக்கும் இன்ஸ்பெக்ஷன் மூடியில் குழாயை மாட்டுவார்கள். காரணம் எளிது. அந்த மூடியைக் கழற்றி, துளை போட்டு, திரும்ப மாட்டலாம், இறக்கையின் தோலில் கை வைக்க வேண்டாம். எந்த மூடி என்பதில்தான் விஷயமே இருக்கிறது. உடம்புக்கு ரொம்பப் பக்கத்தில் போனால் ப்ரொப்பல்லர் சுழற்றிவிடும் காற்று வந்து அடிக்கும். பவரைக் கூட்டினால் ஒரு எண், குறைத்தால் இன்னொரு எண். இறக்கையைத் தாங்கும் ஸ்ட்ரட் கம்பிக்குப் பின்னாலோ, விமானத்தைக் கட்டிவைக்கும் வளையத்துக்குப் பின்னாலோ வைத்தால் கலைந்த காற்றைத்தான் அது முகரும். தயாரிப்பாளர் சொன்ன இடம், சொன்ன சாய்வு. அதில் நம்ம கிரியேட்டிவிட்டியைக் காட்டக் கூடாது.

உள்ளே ஓடும் டியூப்களில் தண்ணீர் தேங்க ஒரு பள்ளம் இருந்தால் மழைக்காலத்தில் அது அடைத்துக்கொள்ளும். வடியும்படி ஓட்ட வேண்டும். ஒவ்வொரு இணைப்பையும் கசிவு சோதிக்க வேண்டும். 370 பாஸ்கல் என்பது 4 சென்டிமீட்டர் உயரத் தண்ணீர்கூட இல்லை. அவ்வளவு மெல்லிய அழுத்தத்தில் ஒரு சின்னக் கசிவும் பெரிய பொய்.

டிஸ்ப்ளேயைக் கீழே ரேடியோ பக்கத்தில் ஒளித்து வைத்துப் பிரயோஜனம் இல்லை. கடைசித் திருப்பத்தில் பைலட்டின் கண் வெளியே ரன்வேயைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்தப் பார்வையின் ஓரத்திலேயே தெரிகிற மாதிரி கண்ணாடிக்குக் கீழ் மேட்டில் வைக்க வேண்டும். காதில் சத்தமும் கொடுத்தால் இன்னும் நல்லது.

அப்புறம் குளவி. சிரிக்காதீங்க. 2013 நவம்பரில் பிரிஸ்பேன் விமான நிலையத்தில் ஒரு ஏர்பஸ் ஏ330 தரையில் நின்ற சுமார் இரண்டு மணி நேரத்துக்குள் அதன் பிட்டோ குழாய்க்குள் மண் குளவி கூடு கட்டிவிட்டது. வேகம் தவறாகக் காட்டியதால் டேக்-ஆஃபைப் பாதியில் நிறுத்தினார்கள். ஜன்னல் கம்பியிலும் ஹெல்மெட்டிலும் குளவி கட்டும் கூட்டை நாம தினமும் பார்க்கிறோம், விமானக் குழாயை மட்டும் விட்டு வைக்குமா? நின்றவுடன் கவர், பறக்கும் முன் கவரைக் கழற்றினோமா என்று ஒரு செக். இரண்டும் வேண்டும்.

கவர் போடாததன் விலைக்கு இன்னும் கனமான உதாரணமும் இருக்கு. 2008 நவம்பர் 27, பிரான்சின் பெர்பிஞ்யான் பக்கத்தில் ஒரு ஏர்பஸ் ஏ320. வாடகைக்கு விட்டிருந்த விமானத்தைத் திரும்ப ஒப்படைக்கும் முன் சோதனைப் பறப்பு. சில நாட்களுக்கு முன் பெயிண்ட் வேலைக்காகக் கழுவியபோது ஏ.ஓ.ஏ. சென்சார்களை மூடவில்லை. உள்ளே போன தண்ணீர் மேலே குளிரில் உறைந்தது. மூன்று சென்சார்களில் இரண்டு ஒரே மாதிரி கோணத்தில் மாட்டிக்கொண்டன. கம்ப்யூட்டர் பெரும்பான்மை பார்க்கும் இல்லையா? இரண்டும் ஒத்துப்போனதால், சரியாக இருந்த மூன்றாவதை ஒதுக்கிவிட்டது! அந்த நிலையில் குறைந்த வேகச் சோதனையை, அதுவும் தாழ்வான உயரத்தில் செய்தார்கள். ஏழு பேர் இறந்தார்கள்.

லயன் ஏர் 610 எல்லோருக்கும் தெரியும். 2018 அக்டோபர் 29, 189 உயிர்கள். 737 மேக்ஸில் எம்.கேஸ் என்ற மென்பொருள் ஒரே ஒரு ஏ.ஓ.ஏ. சென்சாரை நம்பி மூக்கைக் கீழே தள்ளிய கதையை நிறைய யூடியூப் வீடியோவில் பார்த்திருப்பீங்க. அதில் குறைவாகப் பேசப்படும் ஒரு பகுதி: விபத்துக்கு முன் புதிதாக மாட்டிய சென்சார் ஏற்கெனவே ஒரு பட்டறையில் பழுது பார்த்தபோது 21 டிகிரி தவறாக அளவு செய்யப்பட்டிருந்தது. மாட்டிய பிறகு செய்ய வேண்டிய சோதனை சரியாக நடந்ததற்கு இந்தோனேசிய விசாரணையில் உறுதியான பதிவு கிடைக்கவில்லை. மென்பொருளின் குற்றம் பெரியது, அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி, மாட்டிவிட்டுச் சரிபார்க்காத ஒரு கருவி.

மாட்டியாச்சு, இப்போ நம்பலாமா?

இன்னும் இல்லை. பெட்டியிலிருந்து எடுத்த ஏ.ஓ.ஏ. இண்டிகேட்டருக்கு உங்கள் விமானத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாது. இறக்கைக்குக் கீழே இருக்கும் காற்று, இறக்கையாலேயே வளைந்த காற்று. குழாய் உணரும் கோணம் வேறு, உண்மையான கோணம் வேறு. எந்த எண் வந்தால் மஞ்சள், எந்த எண் வந்தால் சிவப்பு என்பதை மேலே போய்த்தான் அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதுதான் கேலிபரேஷன் ஃப்ளைட். கருவியின் விலை கடையில் முடிந்துவிடும், மதிப்பு இந்தப் பறப்பில்தான் உருவாகிறது. நிறைய பேர் அவசரமாக முடிப்பதும் இதைத்தான்.

விடியற்காலை, வெயில் ஏறி காற்று குதிக்க ஆரம்பிக்கும் முன். கூட ஒரு அனுபவமுள்ள இன்ஸ்ட்ரக்டர். ஸ்டால் ஆனாலும் நிதானமாக மீள இடம் இருக்கும்படி சில ஆயிரம் அடி உயரம். தரையிலேயே பூஜ்யம் எடுத்துக்கொண்டு, மேலே சாதாரணப் பயண வேகத்தில் ஒரு புள்ளி, இறங்கும்போது பிடிக்கும் வேகத்தில், அதாவது ஸ்டால் வேகத்தின் 1.3 மடங்கில் ஒரு புள்ளி, ஸ்டாலுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு புள்ளி. எந்தப் புள்ளிகள் என்பது கருவிக்குக் கருவி மாறும். ஒவ்வொன்றிலும் விமானம் பக்கவாட்டில் சறுக்காமல் பந்து நடுவில் நிற்க வேண்டும், இல்லையென்றால் சறுக்கலையும் சேர்த்துக் கோணம் என்று கற்றுக்கொள்ளும். அப்புறம் ஃப்ளாப். ஃப்ளாப் இறக்கினால் குழாய் உணரும் எண்ணும் மாறும், ஸ்டால் ஆகும் கோணமும் மாறும். சில கருவிகள் ஃப்ளாப்பின் நிலையைத் தனியாகத் தெரிந்துகொள்ளும், சிலவற்றுக்கு ஒரே ஒரு அளவுதான். ஒரே அளவு என்றால் எந்த ஃப்ளாப் நிலையில் கற்பித்தீங்க என்பதை எழுதி வைக்கணும்.

எல்லாப் புள்ளியும் முடிந்த பிறகு, அதே உயரத்தில் ஒரு முறை 45 டிகிரி சாய்ந்து திரும்பிப் பாருங்க. ஸ்டால் ஹார்ன் ஊத ஆரம்பிக்கும்போது வேகமுள் 48-க்கு மேலேதான் நிற்கும், ஆனால் ஏ.ஓ.ஏ. நேராகப் பறந்தபோது ஹார்ன் ஊதிய அதே பட்டையில் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் கருவி கோணத்தைத்தான் அளக்கிறது, வேகத்தை வேறு உடுப்பில் காட்டவில்லை என்று தெரியும். எனக்குப் பிடித்த சோதனை இது.

இந்தப் பறப்பைச் சின்ன வேலையாக நினைக்காதீங்க. பெங்களூரு என்.ஏ.எல். உருவாக்கிய இரண்டு இருக்கைப் பயிற்சி விமானம் ஹன்சா-என்.ஜி. 2021 செப்டம்பர் 3-ம் தேதி முதல் முறை பறந்தது. கடல்மட்டச் சோதனைக்கு அது வந்தது நம்ம புதுச்சேரிக்குத்தான். 2022 பிப்ரவரி 19 அன்று 140 கடல்மைலை ஒன்றரை மணி நேரத்தில் கடந்து வந்து, அங்கே 18 மணி நேரம் பறந்து, மார்ச் 5 அன்று திரும்பியது. பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி மேலே இருக்கிறது. அங்கே எடுத்த எண்களை மட்டும் வைத்துக்கொண்டு கடலோரத்தில் எப்படிப் பறக்கும் என்று சொல்லிவிட முடியாது என்பதால் நேரில் வந்து பறந்து பார்த்தார்கள். கையாளும் தன்மை, ஏற்றம், இறங்கும்போது மனசை மாற்றித் திரும்ப ஏறுவது எல்லாம் அதில் அடக்கம். ஒரு முழு விமானத்துக்கே கணக்கு போதவில்லை என்றால், அதன் இறக்கையில் திருகிய குழாய்க்கு மட்டும் எப்படிப் போதும்?

இந்தியாவில் இதை மாட்ட நினைத்தால் இன்னொரு படி இருக்கு. எஃப்.ஏ.ஏ. எளிதாக்கியது அமெரிக்கப் பதிவு விமானங்களுக்கு. வி.டி. என்று ஆரம்பிக்கும் நம் பதிவு விமானத்தில் செய்யும் மாற்றத்துக்கு டி.ஜி.சி.ஏ. ஏற்கும் ஆவணம் வேண்டும், லைசென்ஸ் உள்ள ஏ.எம்.இ. கையெழுத்து வேண்டும். ஹேங்கர் நண்பரோடு ஞாயிற்றுக்கிழமை டிரில் மெஷினை எடுத்துக்கொண்டு போவது கிடையாது. அதோடு இது கூடுதல் கருவிதான், இருக்கும் ஸ்டால் ஹார்னைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் வைப்பது இல்லை.

விமானம் இல்லாதவர்கள்

அதாவது நாம எல்லோரும். ஒரு சின்ன விண்ட் டன்னலும் ஒரு இறக்கை மாடலும் போதும். மாடலின் மேல்பக்கத்தில் வரிசையாக நூல் துண்டுகளை ஒட்டுங்க, ஒவ்வொன்றும் 2 சென்டிமீட்டர். பெரிய விமானங்களில் கம்பளி நூல் ஒட்டுவார்கள். சின்ன மாடலுக்கு அது கனம், மெல்லிய பட்டு நூல் நன்றாக வளையும். பிள்ளையார்பாளையம் பக்கம் தறி இருக்கும் எந்த வீட்டில் கேட்டாலும் ஒரு கைப்பிடி மிச்ச நூல் கிடைக்கும். 5 டிகிரியில் எல்லா நூலும் படிந்து கிடக்கும். கோணத்தை ஒவ்வொரு டிகிரியாக ஏற்றுங்க. முதலில் பின் விளிம்புப் பக்கம் உள்ளவை துடிக்கும், அப்புறம் அந்தத் துடிப்பு முன்னால் நகரும், ஒரு கட்டத்தில் நூல்கள் திரும்பி எதிர்த்திசையைப் பார்க்கும். அந்த டிகிரியைக் குறித்துக்கொண்டு, ஃபேன் வேகத்தை மாற்றி இன்னொரு முறை செய்யுங்க. வேகம் மாறியும் கிட்டத்தட்ட அதே டிகிரிதான் வரும். (சின்ன மாடலில் ஒன்றிரண்டு டிகிரி நகர்ந்தால் அது ரெனால்ட்ஸ் எண்ணின் சேட்டை, பயப்பட வேண்டாம்.)

அடுத்த கட்டம், இரண்டு துளைக் குழாய் ஒன்றைச் செய்து சென்சாரோடு இணைப்பது. ஆர்.சி. விமானக்காரர்கள் வழக்கமாக வாங்கும் அழுத்த சென்சாரின் வரம்பு 2,000 பாஸ்கல். ஆனால் விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் இயக்க அழுத்தமே 138 பாஸ்கல்தான், இரண்டு துளைகளின் வித்தியாசம் அதிலும் ஒரு பங்கு. அந்த சென்சாரில் சிக்னல் இரைச்சலில் முங்கிப் போகும், 500 பாஸ்கல் வரம்பு உள்ளதாகப் பார்த்து வாங்குங்க. ஒவ்வொரு ரன்னுக்கும் முன் ஃபேனை நிறுத்திப் பூஜ்யம் எடுத்துக்கோங்க, நம்ம லேபில் மதியம் 2 மணிக்கு இருக்கும் சூட்டில் காலையில் எடுத்த பூஜ்யம் அப்படியே நிற்காது.